வாசகர் கேள்விகள்: செனகலில் மகள்

கேள்வி: அமெரிக்காவில் பிறந்த எங்கள் மகள், அமெரிக்க அரசின் தன்னார்வச் சேவை அமைப்பான பீஸ் கோர் வழியாக மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் போயிருக்கிறாள். தியெஸ் நகரில் பயிற்சி முடிய இன்னும் இரண்டு வாரம். அங்கே பேசும் வோலோஃப் மொழித் தேர்வை நினைத்தாலே தூக்கம் வரவில்லை என்கிறாள். தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: ஒரு தேர்வில் சறுக்கினால் உடனே அனுப்பிவிடுவதில்லை. பொதுவாகக் கூடுதல் வகுப்பு வைத்து மறுபடி சோதிப்பார்கள். எழுத்துத் தேர்வு கிடையாது. உட்கார வைத்துப் பேசவிடுவார்கள். மனப்பாடம் செய்த சுய அறிமுகம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு 'நேற்று என்ன செய்தாய், நாளை எங்கே போவாய்' என்று காலத்தை மாற்றிக் கேட்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். தமிழில் வினைச்சொல்லே மாறும். வோலோஃபில் வினை அப்படியே நிற்கும், கூட வரும் சொல்தான் மாறும். 'லெக்' என்றால் சாப்பிடு. 'மாங்கி லெக்' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், 'லெக் நா' என்றால் சாப்பிட்டேன், 'தினா லெக்' என்றால் சாப்பிடுவேன். தினமும் பத்து வினைச்சொல்லை எடுத்து, தங்கியிருக்கும் வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து இந்த மூன்று விதமாகவும் பேசிப் பழகச் சொல்லுங்கள்.

கேள்வி: அவள் சுத்த சைவம். கிராமத்தில் என்ன சாப்பிடுவாள்? தண்ணீர்? மலேரியா வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது என்கிறாள்.

பதில்: அங்கே ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை வலது கையால் சாப்பிடுவார்கள். விருந்தாளி பக்கம் மீனைப் பிய்த்துத் தள்ளிவிடுவது வீட்டுக்காரம்மாவின் அன்பு. மீனை ஒதுக்கினாலும் சோறு அந்த மீன்சாற்றில்தான் வெந்திருக்கும். அதனால் கிராமத்தில் எந்த வீட்டில் தங்குவது என்று முடிவாவதற்கு முன்பே பயிற்சியாளரிடம் சைவம் என்று சொல்லிவிட வேண்டும். போன பிறகு சொன்னால் அந்த அம்மா மனம் நோவார். சாமான்களைப் பொறுத்தவரை பயமே வேண்டாம். கம்பு, காராமணி, வேர்க்கடலை எல்லாம் அங்கே அன்றாட உணவு. 'நெபெதாய்' என்று விற்பது நம் முருங்கைக்கீரையேதான்!

கிணற்றுத் தண்ணீரைக் கேண்டில் ஃபில்டரில் வடிகட்டி, கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடவேண்டும். விறகோ கேஸோ இல்லாத நாளில், வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிடம் காத்திருக்கலாம். கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. கேண்டிலைச் சோப்புப் போடாமல் மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தேய்க்க வேண்டும். மயிரிழை விரிசல் விழுந்தாலும் கிருமி நுழைந்துவிடும், உடனே மாற்றுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம், ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கும். இரவுச் சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துப் போடட்டும். அரைமணி நேரமாவது படுக்கக் கூடாது. அதோடு பாலோ இரும்புச்சத்து மாத்திரையோ சேர்க்க வேண்டாம். அப்படியும் எரிந்தால் மருத்துவ அதிகாரியிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறலாம். தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: பயிற்சி முடிந்து சேவை உறுதிமொழி எடுத்த இரண்டாவது மாதம் அவள் அண்ணன் கல்யாணம். வர முடியுமா? தங்கவைத்த குடும்பத்திடம் எப்படி விடைபெறுவது?

பதில்: நீண்ட பிரிவுக்கு அங்கே இடது கையால் கைகுலுக்குவார்கள். நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் அதில் அவமதிப்பு இல்லை. 'செய்த தவறைத் திருத்த நீ திரும்பி வந்தே ஆகவேண்டும்' என்பது அதன் பொருள். அவளும் தயங்காமல் இடது கையை நீட்டட்டும்.

கல்யாணத்துக்கு வருவது கடினம். பயிற்சிக் காலம் சேவைக் கணக்கில் சேராது; உறுதிமொழி நாளிலிருந்துதான் இரண்டு வருடம் தொடங்கும். மாதத்துக்கு 2 நாள் விடுப்பு சேரும் என்றாலும், பொதுவாக முதல் 3 மாதமும் கடைசி 3 மாதமும் எடுக்க விடமாட்டார்கள். ஊரோடு ஒட்டும் காலம் அது. தேதியைத் தள்ள முடிந்தால் ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் 8 நாள் சேர்ந்திருக்கும்.