டை-அப் படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறான், மெஷின் வேலை கற்க ஆசைப்படுகிறான். கோவையில் ஒரு தனியார் நிறுவனம், 'கம்பெனிகளோடு டை-அப், வேலை நிச்சயம்' என்று இரண்டு வருடத்துக்கு 1,80,000 ரூபாய் கேட்கிறது. கையில் 1,20,000 இருக்கிறது. அதைத் தொடாமல் நகையை வைத்துக் கட்டலாமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. 1,80,000 ரூபாய்க்கு 12% வட்டி என்றால் இரண்டு வருடத்தில் வட்டி மட்டுமே 43,200. நகைக்கடனை வருடா வருடம் திருப்பியோ புதுப்பித்தோ ஆக வேண்டும். இலை விலை இறங்கிய வருடத்தில் வட்டி கட்ட முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

அதே இரண்டு வருடம் குன்னூர் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன் படித்தால் பணம் உங்கள் பக்கம் வரும். பயிற்சி உதவித்தொகை மாதம் 750. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000. இரண்டும் 24 மாதத்துக்கு 42,000. பஸ் பாஸும் உண்டு. அந்த 1,000 ரூபாயை மட்டும் மாதாமாதம் ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) போட்டு வந்தால் முடிவில் 25,000க்கு மேல் நிற்கும்.

கம்பெனி இணைப்பு அரசு ஐடிஐக்கும் வந்துவிட்டது. தமிழகத்தில் 71 அரசு ஐடிஐகள் டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தப்பட்டன. உங்கள் மகன் சேரப்போகும் பிரிவில் என்ன மெஷின் ஓடுகிறது, எந்தத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

தனியார் நிறுவனத்திடம் டை-அப் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கம்பெனி பெயர், எத்தனை பேரை எடுப்பார்கள், எந்த வருடம் வரை, மாதம் எவ்வளவு தருவார்கள் என்பது இருக்க வேண்டும். 'வேலைக்கு உதவுவோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஒப்பந்தத்தால் பையனுக்குப் பயனில்லை. சான்றிதழ் மத்திய அரசின் தேசியத் தொழிற்சான்றிதழா (என்சிவிடி சான்றிதழ் என்பார்கள்) என்றும் கேளுங்கள். அப்ரன்டிஸ் (தொழிற்சாலையிலேயே வேலை பழகுபவர்) பயிற்சி என்றால் கம்பெனிதான் பையனுக்குப் பணம் தரும், பையன் தர மாட்டான்.

உங்கள் சேமிப்பு தேவைப்படுவது மூன்றாவது வருடத்தில். பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. ஐடிஐ முடித்து அப்ரன்டிஸ் ஆகிறவனுக்கு 2019 விதி வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000; இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோவையில் அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்குள் அடங்காது. அதனால்தான் பல பையன்கள் நாலைந்து மாதத்தில் விட்டுவிட்டு வேறு கூலிக்குப் போகிறார்கள், தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழ் கைநழுவுகிறது. மாதம் 4,000 துண்டு விழும் என்று வைத்தால் வருடத்துக்கு 48,000. ஆகவே 1,20,000இல் 60,000ஐ இரண்டு வருட டெபாசிட்டில் போடுங்கள், மீதியை அவசரத்துக்கு வையுங்கள்.

மலையிலேயே இடம் கிடைத்தால் அந்தத் துண்டும் விழாது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை அப்ரன்டிஸ் அறிவிப்பைக் கவனியுங்கள். தேயிலை ஃபேக்டரிகளில் சிடிசி ரோலருக்கு (இலையை நசுக்கிக் கிழிக்கும் உருளை) பல் வெட்டவும் டிரையர், மோட்டார் பார்க்கவும் ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வேலை உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரன்டிஸ் எடுப்பது சட்டப்படி கட்டாயம். ஆனால் அரசின் அப்ரன்டிஸ் தளத்தில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். வெறும் 'டிரெய்னி' என்று எடுத்தால் சான்றிதழ் கிடைக்காது.

மேலே படிக்க விரும்பினாலும் வழி அடைபடாது. இரண்டு வருட ஐடிஐக்குப் பின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதினால் பிளஸ் டூவுக்கு இணையாகும்.

சேருவதற்கு முன்பே இரண்டைச் சரிசெய்யுங்கள். மகன் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து ஆதாரை இணையுங்கள். மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கட்டும். உதவித்தொகை நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையால்தான். அடுத்தது வருகைப்பதிவு. 80% இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பஸ் நின்றால் நாட்கள் போகும், அந்த இரண்டு மாதத்துக்குக் குன்னூரிலேயே தங்க விடுதியோ உறவினர் வீடோ இப்போதே பேசி வையுங்கள்.