புளியங்கொட்டையில் போக்கர்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மே மாதம் பிறந்தால் திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டவர் நடமாட்டம் கூடிவிடும். அவர்களோடு கடதாசிக் கட்டும் போக்கர் ஆட்டமும் வரும். பார்த்துக்கொண்டு நிற்கும் நம் பொடியன்களுக்கு ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிடுகிறது. பாஷைதான் பிடிபடுவதில்லை. நான் பயணிகள் கப்பல் ஒன்றில் நாலு வருடம் கடதாசி பகிர்ந்தவன். இப்போது ஊரில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஆட்டம் நடக்கும். சிப்ஸ் எனப்படும் பந்தய வில்லைகளுக்குப் பதில் புளியங்கொட்டை, காசு கிடையாது. அங்கே வருபவர்கள் கேட்டதும் எழுதி அனுப்பியவர்கள் கேட்டதும் சேர்ந்து கிடந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறேன். இரவில் விருந்தாளிகள் ஆடும்போது பிளைண்ட், ஃபிளாப், ரிவர் என்று ஏதேதோ கதைக்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை.

அவர்கள் ஆடுவது பெரும்பாலும் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகை. அந்த மாநிலத்து ராப்ஸ்டவுன்தான் இந்த ஆட்டம் பிறந்த ஊர் என்று டெக்சாஸ் சட்டமன்றமே 2007இல் ஏற்றுக்கொண்டது.

ஒரு கையை, அதாவது ஒரு தடவை பகிர்ந்து முடியும் ஆட்டத்தை, முதலிலிருந்து பார்ப்போம். ஒருவர் முன்னால் வட்டமாக ஒரு தகடு இருக்கும். அதுதான் பட்டன். நாங்கள் சோடாப் போத்தல் மூடி வைக்கிறோம். இந்தக் கையைப் பகிர்வது இவர் என்று கணக்கு. பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்மால் பிளைண்ட், அதற்கடுத்தவர் பிக் பிளைண்ட். கடதாசியைப் பார்க்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டிய காசு என்பதால் அந்தப் பெயர். அப்புறம் ஆளுக்கு இரண்டு கடதாசி, கவிழ்த்தபடி. பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும்: வைத்துவிட்டு விலகினால் ஃபோல்ட், முன்னவர் போட்ட அளவுக்குப் போட்டால் கால், அதற்கு மேலே ஏற்றினால் ரெய்ஸ்.

அது முடிந்ததும் நடுவில் மூன்று கடதாசியை ஒன்றாகத் திறப்பார்கள். அது ஃபிளாப். ஒரு சுற்றுப் பந்தயம். நாலாவது கடதாசி டர்ன். இன்னொரு சுற்று. ஐந்தாவது ரிவர், கடைசிச் சுற்று. கையில் இரண்டு, நடுவில் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துப் பார்த்து யார் பெரியவர் என்று முடிவு. ஒவ்வொரு முறை திறக்கும் முன்பும் மேலே இருக்கும் கடதாசி ஒன்றைப் பார்க்காமலே ஒதுக்கி வைப்பார்கள். அதற்கு பேர்ன் என்று பெயர். மேல் கடதாசியின் முதுகில் யாராவது அடையாளம் வைத்திருந்தாலும் பயனில்லாமல் போகட்டும் என்பதற்காக.

உங்களுக்கு முக்கியமான ஒன்று. முன்னால் யாரும் பந்தயம் கட்டாதபோது, நானும் கட்டவில்லை என்று விடுவது செக். அதை வாயால் சொல்லாமல் விரலால் மேசையைத் தட்டுவார்கள். உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று தண்ணீர்ப் போத்தலோடு ஓடிப்போய் நிற்காதீர்கள்.

தம்பி, நான் உவர்மலை. ஐம்பது வருடமாக 304 என்ற கடதாசி ஆட்டம் ஆடுகிறவன். இந்தப் போக்கரில் ஜாக்குக்கு மதிப்பே இல்லை என்கிறார்கள். துரும்பும் இல்லையாம். பிறகு எதை வைத்து வெல்வது? ‘நட்ஸ்’ என்றால் என்ன?

ஐயா, உங்கள் கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. 304 ஆடிய கை போக்கருக்கு வரும்போது முதலில் தடுமாறுவது இங்கேதான். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2 என்று பழகிய மனதுக்கு, ஏஸ், கிங், குயினுக்குப் பிறகுதான் ஜாக் என்றால் ஏற்கவே கஷ்டம். என் விறாந்தையிலும் ஒரு பெரியவர் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் முகம் மலர்ந்து புளியங்கொட்டையை அள்ளி அள்ளிப் போடுவார். எதிரே இருப்பவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? இப்படி முகமோ கையோ காட்டிக்கொடுப்பதற்குத்தான் டெல் என்று பெயர்.

இன்னொரு வித்தியாசம் பெரியது. 304இல் 32 கடதாசியும் கைக்கு வந்துவிடும். என்ன விழுந்தது, என்ன மிச்சம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். போக்கரில் 52இல் பாதிக்கு மேல் கடைசிவரை யார் கண்ணிலும் படாது. கூட்டாளியும் கிடையாது. எதிரே இருப்பவர் மூக்கைச் சொறிந்தால் அது உங்களுக்குச் சொல்லும் சைகை இல்லை, வெறும் கடிதான்.

வெல்வது ஐந்து கடதாசிச் சேர்க்கையால். கீழிருந்து மேலே: தனி உயர்ந்த கடதாசி, ஒரு சோடி, இரண்டு சோடி, ஒரே மாதிரி மூன்று, வரிசையாக ஐந்து வந்தால் ஸ்ட்ரெய்ட், ஐந்தும் ஒரே சாதி (எல்லாம் ஆட்டின் அல்லது எல்லாம் இஸ்பேட் என்பதுபோல) என்றால் ஃப்ளஷ், மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ், ஒரே மாதிரி நாலு, ஒரே சாதியில் வரிசை என்றால் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ். இந்த ஒழுங்கு யாரும் மனம்போனபடி வைத்ததல்ல. ஐந்து கடதாசிச் சேர்க்கைகள் மொத்தம் 25,98,960. அதில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744, நாலு ஒரே மாதிரி 624. அரிதாக வருவது பெரியது. அவ்வளவுதான் சட்டம்.

நட்ஸ் என்றால் நடுவில் திறந்திருக்கும் கடதாசிகளை வைத்து யாராலும் மிஞ்ச முடியாத கை. நடுவில் இஸ்பேட் குயின், ஆட்டின் ஒன்பது, கிளாவர் ஐந்து, டைமன் எட்டு, இஸ்பேட் இரண்டு கிடக்கிறது என்று வையுங்கள். ஒரே சாதி ஐந்து வர வழியில்லை. சோடியும் இல்லாததால் ஃபுல் ஹவுஸ் இல்லை. இங்கே நட்ஸ் எது? ஜாக்கும் பத்தும். எட்டு, ஒன்பது, பத்து, ஜாக், குயின் என்று வரிசை. கையில் குயின் சோடி வைத்திருப்பவரும் உங்களிடம் தோற்பார். ஜாக் உங்களை முழுக்கக் கைவிடவில்லை ஐயா.

ஒரு கொசுறு: நாம் சொல்லும் கிளாவர் ஒல்லாந்துச் சொல். பழைய ஆட்கள் இஸ்பேட்டை இஸ்கோப்பன் என்பதும் அங்கிருந்து வந்ததே. 1639இல் வந்து நம் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் பிடித்தவர்கள் எதை எதையோ கொண்டுபோனார்கள், கடதாசிப் பெயர்களை விட்டுவிட்டுப் போனார்கள்.

‘செட்’ வேறு, ‘ட்ரிப்ஸ்’ வேறா? இரண்டும் ஒரே மாதிரி மூன்றுதானே?

மதிப்பு ஒன்றுதான், வந்த வழி வேறு. கையில் இரண்டு ஏழு, நடுவில் ஒரு ஏழு என்றால் செட். கையில் ஒரு ஏழு, நடுவில் இரண்டு ஏழு என்றால் ட்ரிப்ஸ். செட் ஒளிந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ட்ரிப்ஸ் எல்லோர் கண் முன்னும் பாதி திறந்து கிடக்கும். அதனால் செட்டுக்குக் கூலி அதிகம். கையில் சோடி இருந்தால் ஃபிளாப்பில் செட் விழுவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு தடவை.

என் கணவர் தோற்றுவிட்டு வரும்போதெல்லாம் ‘பேட் பீட்’ என்கிறார். ஒவ்வொரு கிழமையும் பேட் பீட் வருமா? (பாலையூற்றிலிருந்து ஓர் அக்கா)

அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். வரும். ஆனால் அவர் சொல்வதெல்லாம் அதுவாக இருக்காது.

காசு முழுவதும் நடுவே போகும் நேரத்தில் நீங்கள் நன்றாக முன்னால் நின்று, பிறகு வந்த கடதாசியால் தோற்றால்தான் பேட் பீட். உங்களிடம் இரண்டு ஏஸ், மற்றவரிடம் இரண்டு கிங், ஃபிளாப்புக்கு முன்பே இருவரும் முழுவதையும் தள்ளிவிட்டீர்கள், அதாவது ஆல்-இன். நூறில் 82 தடவை வரை ஏஸ் வெல்லும். மிச்சம் 18இல் உங்கள் தலை விழுந்தால் அது பேட் பீட்.

இதையே கிங் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் தோற்றால் அது கூலர். இருவர் கையும் பெரியது, யார் இருந்தாலும் காசு உள்ளே போயே இருக்கும், குற்றம் சொல்ல ஆளில்லை. அப்புறம் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதற்கு நல்ல பெயர் யாரும் வைக்கவில்லை. ஏஸும் ஆறும் வைத்துக்கொண்டு, மூன்று பேர் ரெய்ஸ் செய்த இடத்தில் விடாமல் நின்று, ஏஸும் கிங்கும் வைத்தவரிடம் தோற்பது. இருவருக்கும் ஏஸ் சோடி விழும். பக்கத்தில் நிற்கும் கடதாசி கிங்கா ஆறா என்பதுதான் முடிவு செய்யும். அந்தப் பக்கத்துக் கடதாசிக்கு கிக்கர் என்று பெயர். இது பேட் பீட் அல்ல, பேட் கால். உங்கள் கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “காசு போடும்போது ஆர் முன்னுக்கு நிண்டது?” பதில் வரத் தாமதமானால் விளங்கிக்கொள்ளுங்கள்.

நானும் யோக்கியனில்லை. கப்பலில் வேலை முடிந்த இரவுகளில் கூட்டாளிகளோடு ஆடுவோம். ஒரு முறை இரண்டு ஏஸோடு தோற்ற கோபத்தில் அடுத்த ஏழெட்டுக் கையையும் பார்க்காமலே ஏற்றி, அரைமாதச் செலவுக் காசை விட்டேன். அந்த நிலைக்கு டில்ட் என்று பெயர். பழைய பின்பால் மெசினைப் பிடித்து உலுக்கினால் ‘டில்ட்’ என்று விளக்கு எரிந்து மெசின் அப்படியே நின்றுவிடும். ஆள் மட்டும் நிற்பதில்லை, அதுதான் கோளாறு.

இரண்டு ஏஸ் என்பது 221 கைக்கு ஒரு தடவை வருவது. ஆனால் எதிரே ஐந்து பேர் கடைசிவரை நின்றால் அதுவும் பாதிக்குப் பாதிதான் வெல்லும்.

‘அவுட்ஸ்’ எண்ணுவது எப்படி? யூடியூப்பில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

கையில் இரண்டு ஆட்டின், நடுவில் இரண்டு ஆட்டின். ஒரு கட்டில் ஆட்டின் 13. நாலு தெரியும், மிச்சம் ஒன்பது. அதில் ஒன்று விழுந்தால் ஃப்ளஷ், அந்த ஒன்பதும் உங்கள் அவுட்ஸ். ஃபிளாப்பில் இருந்து இரண்டு கடதாசியும் பார்ப்பதென்றால் நாலால் பெருக்குங்கள்: நூறில் 36 தடவை விழும். உண்மைக் கணக்கு 35. ஒரே கடதாசிதான் மிச்சம் என்றால் இரண்டால் பெருக்குங்கள்: 18. உண்மை 19.6. மேசையில் இருந்து கணக்குப் போட இது போதும்.

இப்போது அதை வைத்து என்ன செய்வது? நடுவில் 60 புளியங்கொட்டை. டர்ன் முடிந்தது. எதிரே இருப்பவர் 30 போடுகிறார். நீங்கள் 30 போட்டால் மொத்தம் 120, அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று. அதாவது நூறில் 25 தடவை வென்றால்தான் கட்டும். உங்களுக்கு இருப்பது 20கூட இல்லை. ரிவரில் விழுந்தால் அவரிடம் இன்னும் நிறையப் பிடுங்கலாம் என்ற நம்பிக்கை இருந்தாலொழிய, விடுங்கள்.

இதை எண்ணாமல் ‘இந்தத் தடவை விழும்போல கிடக்கு’ என்று நிற்பவரைக் காலிங் ஸ்டேஷன் என்பார்கள். அவரிடம் பிளஃப், அதாவது நல்ல கை இல்லாமலே பெரிதாகக் கட்டிப் பயமுறுத்துவது, எடுபடாது. விட்டால்தானே ஏமாற்ற முடியும்?

நான் திருக்கடலூர். என்னை ‘ஃபிஷ்’ என்று பகிடி பண்ணுகிறார்கள். மீன் பிடிக்கிறவன் என்பதாலா?

இல்லை தம்பி, மீனாக இருப்பதால். ஆட்டம் தெரியாமல் வந்து காசைக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்குப் பெயர் ஃபிஷ். அதைத் தின்பவர் ஷார்க். காசு நிறைய வைத்துக்கொண்டு கவலையில்லாமல் தோற்பவர் வேல், அதாவது திமிங்கிலம். நம் கடலில் திமிங்கிலம் பார்க்கப் படகு கூட்டிப்போகிறவர்களுக்கு அந்தச் சொல்லின் பெறுமதி தெரியும். நிட் என்றால் நல்ல கை வந்தாலொழிய அசையாத கஞ்சன். பகிடி பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் மீன்தான். பேசாமல் இருந்து கவனியுங்கள்.

மேசையில் செய்யக்கூடாதவை?

முதலாவது ஸ்லோ ரோல். வென்றுவிட்டது நிச்சயம் என்று தெரிந்தும், கடதாசியைக் காட்டாமல் இழுத்தடித்து எதிராளி சந்தோசப்படும்வரை காத்திருப்பது. சட்டத்தில் தடையில்லை, ஆனால் அதைச் செய்தவனோடு யாரும் தேநீர் குடிக்க மாட்டார்கள். ஸ்ட்ரிங் பெட் என்றால் முதலில் கொஞ்சம் வைத்து, மற்றவர் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பக் கை போட்டு இன்னும் கொஞ்சம் வைப்பது. எவ்வளவு என்று வாயால் சொல்லிவிட்டுப் போடுங்கள், பிரச்சினை வராது. ஸ்பிளாஷ், சிப்ஸை நடுவே வீசி எறிவது. எண்ண முடியாமல் போகும். எங்கள் விறாந்தையில் ஒருவர் எறிந்த புளியங்கொட்டையில் பாதி முற்றத்தில் போய் விழுந்து, கோழி கிளறிக்கொண்டிருந்தது.

கைகளுக்குப் பட்டப் பெயர் உண்டாமே?

நிறைய. இரண்டு ஏஸ் ராக்கெட்ஸ், இரண்டு கிங் கௌபாய்ஸ், இரண்டு எட்டு ஸ்னோமென், எட்டின் உருவத்தைப் பார்த்தால் விளங்கும். பத்தும் இரண்டும் டாய்ல் பிரன்சன், ஒரு அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரரின் பெயர். 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் உலகப் போக்கர் தொடரின் பிரதான ஆட்டத்தை அவர் வென்ற கடைசிக் கை இரண்டு முறையும் அதுதான். அதற்காக நீங்களும் பத்து-இரண்டைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஏஸ் சோடியும் எட்டுச் சோடியும் சேர்ந்தால் செத்தவன் கை. 1876 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டெட்வுட்டில் பேர்போன துப்பாக்கிக்காரர் வைல்ட் பில் ஹிக்காக் சுடப்பட்டபோது கையில் அது இருந்ததாகக் கதை.

என் தம்பி போனில் காசு வைத்து ஆடுகிறான். ‘ரேக்’ போய்விடுகிறது என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி, ரேக் என்றால் ஒவ்வொரு கையிலும் ஆட்டம் நடத்துகிறவர் எடுத்துக்கொள்ளும் பங்கு. சமமாக ஆடும் ஆறு பேரை மாதக்கணக்கில் ஆடவிட்டால் ஆறு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்பார்கள். ஆறு பேரின் காசும் ஒரு பக்கமாகவே ஒழுகும். இதைத் தம்பிக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள், புத்திமதியைவிட வேலை செய்யும். அப்புறம், இந்த நாட்டில் சூதாட்டத்துக்கு 1889இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. காசு ஆட்டத்துக்கு இடம் கொடுப்பது பகிடி விசயம் இல்லை. அவனைச் சனிக்கிழமை இங்கே அனுப்புங்கள். தோற்றாலும் போவது புளியங்கொட்டைதான்.

மூதூரிலிருந்து எழுதுகிறேன். மகாவலி கடலில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவன். நேற்று இரண்டு சோடியோடு இருந்தேன், கடைசிக் கடதாசியில் எதிராளிக்கு ஃப்ளஷ் விழுந்துவிட்டது. ‘நீ ரிவர்ட் ஆயிட்டாய்’ என்றார்கள்.

கடைசிக் கடதாசி அடித்துக்கொண்டு போவதுதான் ரிவர்ட். டர்னில் நீங்கள் முன்னால் நின்றீர்கள், அவருக்கு ஐந்தில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் கீழேதான் வாய்ப்பு. நடுவில் இருந்ததில் பாதிக்கு மேல் பந்தயம் கட்டியிருந்தீர்கள் என்றால் நீங்கள் ஆடியது சரி, அவர் கால் பண்ணியதுதான் பிழை. காசு அவரிடம் போனது வேறு கதை. பந்தயம் கட்டாமல் செக் பண்ணி அவருக்கு அந்தக் கடதாசியை இலவசமாகக் காட்டினீர்கள் என்றால், பாலையூற்று அக்காவுக்கு எழுதிய பதிலை ஒருக்கால் திரும்ப வாசியுங்கள்.