பாயிண்ட் 22 கைத்துப்பாக்கி: 16, 14, 9, எந்த ட்விஸ்ட் பேரலை வாங்குவது?

கேள்வி: ரூகர் மார்க் 4 வைத்து 25 கஜம், 50 கஜம் புல்ஸ்-ஐ போட்டிகளில் சுடுகிறேன். பேரலை மாற்ற விசாரித்தால், குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்களின் முறுக்கை, அதாவது ட்விஸ்டை, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 14க்கு ஒன்று, 9க்கு ஒன்று என்று வகை சொல்கிறார்கள். எண் குறையக் குறையக் குண்டு வேகமாகச் சுழலும், குறியும் துல்லியமாகும் என்கிறார் விற்பவர். 9க்கு விலையும் அதிகம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 16 போதும்.

எவ்வளவு சுழற்சி தேவை என்பதைப் பெரும்பாலும் குண்டின் நீளமே தீர்மானிக்கிறது. 1879-இல் கிரீன்ஹில் தந்த சூத்திரம் இன்றைக்கும் உதவும்: குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட் அங்குலத்தில் கிடைக்கும். வழக்கமான 40 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஈயக்குண்டின் விட்டம் 0.224 அங்குலம், நீளம் ஏறக்குறைய 0.46 அங்குலம். கணக்குப் போட்டால் 16.4 வரும். பாயிண்ட் 22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவுக்கு 16 நிலைத்துப்போனதும் அதற்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

9 அங்குல ட்விஸ்ட் 60 கிரெய்ன் எடையுள்ள நீளமான சப்சோனிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) குண்டுக்கானது. அந்தக் குண்டை 16-இல் சுட்டால் தலைகுப்புறப் புரண்டு, அட்டையில் சாவித்துவாரம் மாதிரி நீளமான ஓட்டை விழும். மேட்ச் தோட்டாக்கள், அதாவது போட்டிக்கானவை, பெரும்பாலும் 40 கிரெய்ன் என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. மாறாக, தேவைக்கு மேல் சுழற்றினால் குண்டின் எடை மையம் துளி விலகியிருந்தாலும் அந்தக் குறை பெரிதாகித் தெரியும். மென்மையான ஈயத்தில் அப்படிப்பட்ட குறை இல்லாத குண்டு அபூர்வம். 14 கெடுதல் செய்யாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதுதான் வீண்.

மிச்சமாகும் பணத்தை மேட்ச் சேம்பருக்கும் (தோட்டா உட்காரும் அறை), முனைக் கிரவுன் (பேரல் வாயின் விளிம்பு) ஒழுங்காக வெட்டப்பட்ட பேரலுக்கும் கொடுங்கள். 16 பேரலில் 40 கிரெய்ன் குண்டே கோணல் ஓட்டை போட்டால் ட்விஸ்டைக் குறை சொல்லாதீர்கள். கிரவுனில் அடிபட்டிருக்கிறதா, உள்ளே ஈயம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நான்கைந்து வகை மேட்ச் தோட்டா வாங்கி, மேசையில் தாங்கல் வைத்து 50 கஜத்தில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சில குழுக்கள் (ஒரே குறியில் விழும் ஓட்டைகளின் கூட்டம்) சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய தோட்டாவின் மெழுகு பேரலில் ஒட்டியிருக்கும். நன்றாக விழும் வகையில் அதே லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) பார்த்து மொத்தமாக வாங்கிவையுங்கள். ஒரே பெயர்தானே என்று வேறு லாட் வாங்கினால் குழு விரிந்துபோகலாம்.

இன்னொன்று: ரூகர் மார்க் வரிசையில் சீரியல் எண் இருப்பது பேரலோடு சேர்ந்த மேல் ரிசீவரில் (போல்ட் ஓடும் மேல் உடற்பகுதி). அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பாகமே துப்பாக்கி. முழு மேல்பகுதியாக வாங்கினால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். அந்தக் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய பேரல் ஒன்று கிடைக்கிறது. அதில் ட்விஸ்ட் எழுதியில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மேகசினை எடுத்துவிட்டு, சேம்பர் காலி என்று கண்ணால் பாருங்கள். மார்க் 4 ஆக இருந்தால் பின்பக்கப் பட்டனை அழுத்தி மேல்பகுதியைப் பிரித்து, போல்ட்டை வெளியே எடுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் கிளீனிங் ராடில் துணியை இறுக்கமாகச் சுற்றிப் பின்னாலிருந்து செலுத்துங்கள். துணி பள்ளங்களைப் பிடித்ததும் ராடில் மேல்பக்கமாக ஒரு புள்ளியும், பேரல் விளிம்புக்கு நேராக ஒரு கோடும் போடுங்கள். புள்ளி கால் சுற்று திரும்பும்வரை தள்ளி, கோடு நகர்ந்த தூரத்தை அளந்து நான்கால் பெருக்குங்கள். கால் சுற்றுக்கு 4 அங்குலம் என்றால் ட்விஸ்ட் 16, 3.5 என்றால் 14, 2.25 என்றால் 9. ஐந்தரை அங்குலப் பேரலில் முழுச் சுற்றை அளக்கவே முடியாது, அதனால்தான் கால் சுற்று. துணி தளர்ந்தால் பள்ளத்தை விட்டு வழுக்கி, எண் கூடுதலாகக் காட்டும். மூன்று தடவையாவது அளங்கள். 15-ஆ 16-ஆ என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், 40 கிரெய்ன் குண்டுக்கு இரண்டும் சரி.