பல் பிரிட்ஜை எப்படிப் பராமரிப்பது, அது எத்தனை வருஷம் வரும்?

கடைவாயில் மூன்று பல் பிரிட்ஜ் கட்டியிருக்கிறார்கள், தினமும் இரண்டு வேளை தேய்த்தால் போதுமா, இது எத்தனை வருஷம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்த்தால் மட்டும் போதாது. எனக்கும் கீழ்த்தாடையில் இதே மாதிரி ஒன்று பல வருஷமாக இருக்கிறது, அந்த அனுபவத்திலும் பல் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் இருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் வாய்க்குள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். போன பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற உங்கள் சொந்தப் பற்களைச் சுற்றிலும் ராவி, அவற்றின் மேல் கேப் போட்டு, இரண்டு கேப்புக்கும் நடுவில் ஒரு செயற்கைப் பல்லைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே துண்டாக்கி சிமென்ட் வைத்து ஒட்டியிருப்பார்கள். நடுவில் இருப்பதற்கு வேர் கிடையாது, ஈறின் மேல் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அந்தத் துண்டு செராமிக்கோ ஜிர்கோனியாவோ உலோகமோ, எதுவானாலும் அதில் சொத்தை பிடிக்காது. ஆனால் கேப்பின் விளிம்பு முடிகிற இடத்தில் உங்கள் சொந்தப் பல் தொடங்குகிறது, சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். அப்படியே கேப்புக்குள் போய்விட்டால் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்தப் பல்லுக்கு ஏற்கெனவே ரூட் கெனால் செய்திருந்தால் உள்ளே நரம்பு இல்லை என்பதால் வலித்துக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. தாங்கும் பற்களில் ஒன்று கெட்டால்கூட மொத்தத் துண்டையும் கழற்ற வேண்டியதுதான்.

அதனால் நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்த இரண்டு சொந்தப் பற்களையும் அவற்றைச் சுற்றியுள்ள ஈறையும்தான்.

தேய்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மென்மையான ப்ரஷ், ஃப்ளோரைடு இருக்கிற பேஸ்ட், காலையில் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 2 நிமிடம். ப்ரஷைச் சற்றுச் சாய்த்து அதன் நார்கள் ஈறும் கேப்பும் சேருகிற கோட்டில் படும்படி வைத்துச் சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள், உள்பக்கம் நாக்கை ஒட்டிய விளிம்பையும் விடாதீர்கள், நிறையப் பேர் விட்டுவிடுவது அந்தப் பக்கம்தான். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். கரித்தூள், சொரசொரப்பான பல்பொடி இதெல்லாம் வேண்டாம், கேப்பின் பளபளப்பையும் விளிம்பையும் அரித்துவிடும். பல்லை வெண்மையாக்கும் பேஸ்ட்டால் செராமிக்கின் நிறம் மாறாது, அதற்கும் செலவு செய்யாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த நடுப் பல்லுக்கு அடியில் ப்ரஷ் போகாது. சாப்பிட்டதில் கொஞ்சம் அங்கே போய்த் தங்கும், அதன் மேல் கிருமிப் படலம் படியும், ஈறு சிவந்து வீங்கும், பிறகு வாய் நாற்றம். மூன்று பல்லும் ஒட்டிய ஒரே துண்டு என்பதால் சாதாரணமாக ஃப்ளாஸ் செய்வது, அதாவது பல்லிடுக்கை நூலால் துடைப்பது போல மேலிருந்து நூலை இறக்கவும் முடியாது, பக்கவாட்டில் நுழைத்துத்தான் ஆக வேண்டும். அதற்கென்றே ஃப்ளாஸ் த்ரெட்டர் என்று காது உள்ள, வளையும் பிளாஸ்டிக் ஊசி ஒன்று விற்கிறார்கள், ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி நூலை அதில் மாட்டி கன்னத்துப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் இழுக்க வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது சூப்பர் ஃப்ளாஸ். அதில் ஒரு முனை விறைப்பாக இருக்கும், நடுவில் பஞ்சு மாதிரி தடித்த பகுதி, கடைசியில் சாதாரண நூல். விறைத்த முனையை பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்து மறுபக்கம் எடுத்து, பஞ்சுப் பகுதி வரும்வரை இழுத்து, நடுப் பல்லின் அடியை முன்னும் பின்னுமாகத் துடைக்கவும். அப்புறம் அதே நூலை இரண்டு பக்கமும் உள்ள தாங்கு பற்களின் பக்கச் சுவரில் அணைத்து மேலும் கீழும் உரச வேண்டும். இதைச் செய்யாமல் அடிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும், ஏனென்றால் சொத்தை வரக்கூடிய விளிம்பு அங்கேதான் இருக்கிறது. தினம் ஒரு தடவை போதும், இரவில் செய்வது நல்லது.

ஆரம்பத்தில் கை பழகாது, எரிச்சலாக இருக்கும், ஈறில் லேசாக இரத்தம்கூட வரும். இரத்தத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வீங்கிய ஈறு என்பதால்தான் கசிகிறது, தொடர்ந்து மென்மையாகச் சுத்தம் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேலும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இடைவெளி கொஞ்சம் பெரிதாக இருந்தால் பல்லிடுக்கில் விடுகிற சின்ன இன்டர்டென்டல் ப்ரஷ் இன்னும் சுலபம், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும், அழுத்தித் திணித்தால் ஈறு புண்ணாகும். தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாசர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உணவுத் துணுக்கை நன்றாக வெளியேற்றுகிறது, விரல்களை வாய்க்குள் விட்டு நூல் பிடிக்க முடியாதவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. இருந்தாலும் பல்லில் ஒட்டிய படலத்தைத் துடைத்தெடுக்க நூலையே நான் நம்புகிறேன், முடிந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். குச்சி, குண்டூசி, சேஃப்டி பின் எதையும் விட்டுக் குத்தவே வேண்டாம்.

சாப்பாட்டில் நிரந்தர பிரிட்ஜுக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. ஐஸ் கட்டியைக் கடிப்பது, பல்லால் மூடி திறப்பது, பாக்கெட் கிழிப்பது, இவற்றை விட்டுவிடுங்கள், செராமிக் சில்லாகப் பெயர்ந்துவிடும். தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி, இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு என்ற உறை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் ஈறு சீக்கிரம் கெடும், சில மாத்திரைகளால் வாய் உலர்ந்தே இருப்பவர்களுக்குச் சொத்தை வேகமாகப் பரவும், அவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கட்டிய புதிதில் சில நாள் இறுக்கமாக இருப்பது சாதாரணம்தான். ஆனால் கடிக்கும்போது அந்த இடம் மட்டும் முதலில் இடிக்கிறது என்றால் பழகிவிடும் என்று காத்திருக்காமல் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் விட்டுப்போவதற்குத்தான். மொத்தமாகக் கழன்று கையில் வந்தால் உடனே ஓடுவோம். ஒரு பக்கம் மட்டும் விட்டால் மறுபக்கம் பிடித்துக்கொண்டே இருக்கும், சாப்பிடவும் முடியும், ஆனால் விட்ட கேப்புக்குள் எச்சிலோடு கிருமியும் புகுந்து உள்ளே இருக்கிற பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொத்தையாக்கிவிடும். கடிக்கும்போது லேசாக ஆடுவது, அழுத்தினால் விளிம்பில் எச்சில் குமிழியாக வருவது, அந்த இடத்தில் மட்டும் கெட்ட சுவை, திடீரென்று குளிர்ச்சிக்குக் கூச்சம், இதில் எது இருந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். முழுதாகக் கழன்றால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். பல் நன்றாக இருந்தால் அதையே மறுபடி ஒட்டிவிடவும் வாய்ப்புண்டு, வீட்டில் இருக்கிற பசையால் ஒட்டப் பார்த்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

எத்தனை வருஷம் என்றால், பொதுவாக 10 முதல் 15 வருஷம் என்பார்கள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதைத் தாண்டியும் வருவது உண்டு, விட்டுவிட்டால் சில வருஷத்திலேயே போவதும் உண்டு. வலி இல்லை என்றாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள், அல்லது உங்கள் டாக்டர் சொல்கிற இடைவெளியில் போங்கள். விளிம்பைத் தடவிப் பார்த்து, தேவையென்றால் எக்ஸ்ரே எடுத்து, நம் கண்ணுக்குத் தெரியாததை அவர்கள்தான் பிடிக்க முடியும். அடுத்த தடவை போகும்போது சூப்பர் ஃப்ளாஸையும் கையோடு எடுத்துப் போய், கையில் கண்ணாடியைக் கொடுத்து உங்கள் பிரிட்ஜில் எந்த இடத்தில் நுழைக்க வேண்டும் என்று ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்.