ஆறு வாரம் காலில் மாவுக்கட்டு. இப்போது அம்மாவுக்குக் காக்கி லீமா (கடைகளின் முன்னுள்ள நடைபாதை) படியின் உயரம் பிடிபடவில்லை. கண்ணில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண் நன்றாக இருந்தாலும் இப்படி ஆகும். படியை நாம் அங்குலக் கணக்கில் பார்ப்பதில்லை. நம் காலையும் கண்மட்டத்தையும் வைத்துத்தான் அளக்கிறோம். 1984-இல் உளவியலாளர் வில்லியம் வாரன் சோதித்தபோது, ‘இதற்குமேல் கையூன்றாமல் ஏற முடியாது’ என்று நெட்டையரும் குட்டையரும் சொன்ன உயரம் அவரவர் கால் நீளத்தில் ஏறத்தாழ 0.88 பங்கு.

இந்த அளவுகோல் அசைவால்தான் புதுப்பிக்கப்படுகிறது. லியோனார்ட் மார்க் என்ற இன்னொரு உளவியலாளர் சிலருக்கு 10 செ.மீ. கட்டைகளைக் காலடியில் மாட்டிவிட்டு, எவ்வளவு உயர இருக்கையில் உட்கார முடியும் என்று கேட்டார். உட்கார்ந்து பழகாமலேயே, நடந்தவர்களின் கணிப்பு சீக்கிரம் சரியானது. சுவரில் சாய்ந்து அசையாமல் நின்றவர்களுக்குச் சரியாகவில்லை.

உங்கள் அம்மாவும் தூணைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பார் என்று நினைக்கிறேன். அதைத்தான் மாற்ற வேண்டும். வெளியே போடும் அதே செருப்போடு சமதரையில் பதினைந்து எட்டு நடக்க விடுங்கள். படிக்கு இரண்டு மீட்டர் முன்னால், “ஏறிடலாமா, கை வேணுமாம்மா?” என்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு, இரண்டு எட்டு முன்னால் பார்த்தபடி நடந்து வரட்டும். பிறகு பிடிமானத்தோடு ஏறட்டும். ஏற நல்ல கால் முதலில், இறங்க நோவுக் கால் முதலில். சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகும்வரை தினமும் இது தேவை.

புரோகிரசிவ் கண்ணாடியா? அதன் கீழ்ப்பாகம் புத்தகம் வாசிக்கும் தூரத்துக்கானது. அதன் வழியே பார்த்தால் படி விளிம்பு மங்கும். வெளியே நடக்கத் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

பிசியோவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இது அந்தப் பயிற்சியோடு சேர்த்துச் செய்வது. தலைசுற்றலோ இரட்டைப் பார்வையோ இருந்தால் முதலில் மருத்துவர்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடைக்குக் கடை தரையை உயர்த்தி, மேலும் கீழும் ஒரே நிறத்தில் பளபள டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளையும் குறுக்கே நிறுத்தினால் வயசானவர்கள் லோங்காங்கை (சாக்கடையை) தாண்டி ரோட்டில்தான் இறங்க வேண்டும். மழையில் நனைந்த அந்த டைல்ஸில் விளிம்பு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. உங்கள் வீட்டு வாசலிலாவது 5 செ.மீ. அகல மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். சரியாக விளிம்பிலேயே இருக்கட்டும். உள்ளே தள்ளி ஒட்டினால், பட்டை முடியும் இடத்தைப் படியின் விளிம்பு என்று கால் நம்பிவிடும்.