நாலு ‘க’ எதற்கு?

கேள்வி: கல், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ வேறு வேறாக ஒலிக்கிறது, எழுத்தோ ஒன்றுதான். இந்தியில் நாலு ‘க’ இருக்கும்போது தமிழ் ஒன்றை வைத்துச் சமாளிப்பது குறைதானே? கேட்டால் ‘ஒலி வேறு, ஒலியன் வேறு’ என்று மொழியியல்காரர்கள் நழுவுகிறார்கள்.

பதில்: அவர்கள் நழுவவில்லை, பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் பாதியில் எழுந்து வந்துவிட்டீர்கள்.

பேசும்போது வாயிலிருந்து வருவதெல்லாம் ஒலி. அதில் எந்த வேறுபாடு ஒரு மொழியில் பொருளையே மாற்றிவிடுகிறதோ அதை வைத்துத்தான் ஒலியனைப் பிரிக்கிறார்கள். முன்னதைப் படிப்பது ஒலியியல், பின்னதைப் படிப்பது ஒலியனியல் (பெயர்கள் இவ்வளவு ஒட்டி இருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்). வலி, வழி, வளி என்று சொல்லிப் பாருங்கள்: நடுவில் ஒன்றுதான் மாறுகிறது, பொருள் எங்கேயோ போய்விடுகிறது, ஆகவே ல, ழ, ள மூன்றும் தனித்தனி ஒலியன்கள். சரி, இப்போது தங்கத்தில் வரும் ‘க’வைப் போட்டுப் பகல் என்று சொல்லுங்கள். ‘ஏன் இப்படிப் பேசுகிறார்’ என்று பார்ப்பார்களே தவிர, வேறு சொல் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒரு விதம், ‘ங்’குக்குப் பிறகு ஒரு விதம், இரண்டு உயிருக்கு நடுவே ஒரு விதம் என்று இடமே முடிவு செய்துவிடுகிறது. இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள். நாக்கு தானாகச் செய்கிற வேலைக்குத் தனி எழுத்து எதற்கு?

ஆங்கிலத்திலும் இதே கதைதான். பின், ஸ்பின் என்று ஆங்கிலேயர் சொல்லும்போது வாய்க்கு முன்னால் கையை வைத்தால் முதல் ‘ப’வில் மூச்சு வந்து மோதும், இரண்டாவதில் மோதாது. பொருள் மாறாததால் அவர்கள் கவனிப்பதே இல்லை. அதே மூச்சு இந்தியில் பொருளை மாற்றும்: மூச்சில்லாமல் ‘பல்’ என்றால் கணம், மூச்சோடு சொன்னால் பழம். அவர்களுக்கு இரண்டு எழுத்து தேவை, வைத்திருக்கிறார்கள்.

வடமொழியிலிருந்து வந்த சொற்களில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. நாம் சொல்லும் கதையும் பீமன் சுழற்றும் கதையும் எழுத்தில் ஒன்று, பலர் வாயில் இரண்டு. அங்கே இடத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, சொல்லே தெரிந்திருக்க வேண்டும். செய்த பாவமும் நடனத்தில் காட்டும் பாவமும் அப்படித்தான். இதைக் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன், நீங்களோ பகலையும் தங்கத்தையும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.