பாட்டு வரியில் தேடாதீர்கள், விரலில் தேடுங்கள்

கேள்வி: அமெரிக்க கன்ட்ரி இசையின் ஆரம்ப காலப் பெண்கள் ஆண்களுக்குப் பக்கத்தில் நின்று ஒத்துப் பாடியவர்கள்தானே? 1952-ல் பாடகி கிட்டி வெல்ஸ் வந்த பிறகுதானே எதிர்த்துப் பாட ஆரம்பித்தார்கள்? (வாசகர், கரூர்)

பதில்: யார் சொன்னது? சமந்தா பம்கார்னரும் ஈவா டேவிஸும் 1924 ஏப்ரலிலேயே நியூயார்க் போய், கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஃபிடிலும் (வயலின்தான்) பாஞ்சோவும் (கிட்டார் மாதிரி மீட்டுகிற தந்தி வாத்தியம்) வாசித்து ரெக்கார்டு கொடுத்துவிட்டார்கள். கூட ஆண் துணை கிடையாது. இந்த இசை இசைத்தட்டில் ஏறியே அப்போது இரண்டு வருஷம் நிறையவில்லை.

கிட்டி வெல்ஸ் பெரிய ஆள்தான். ஹாங்க் தாம்சன் என்ற பாடகர் ஒரு பாட்டில், மதுக்கூடத்துக்குப் போன பெண் மேல் பழி போட்டார். கல்யாணமான ஆண்கள் பிரம்மச்சாரி வேஷம் போடுவதால் வந்த வினை அது என்று கிட்டி திருப்பிப் பாடினார். என்பிசி வானொலி தடை போட்டது. அப்படியும் பில்போர்டு இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடம். தனியாகப் பாடிய பெண் ஒருவர் அங்கே ஏறியது அதுவே முதல் தடவை. ஆனால் பாட்டை எழுதியவர் ஜே.டி.மில்லர் என்ற ஆண். கிட்டி பாடச் சம்மதித்தது 125 டாலர் பதிவுக் கூலிக்காக. மெட்டாவது புதுசா என்றால், அதுவும் இல்லை. 1929-ல் கார்ட்டர் குடும்பம் பதிவு செய்த ஒரு பாட்டின் மெட்டுதான்.

அந்தக் குடும்பத்தில்தான் விஷயமே இருக்கிறது, அதுவும் பாட்டு வரியில் இல்லை, ஒரு பெண்ணின் விரலில். ஏ.பி.கார்ட்டர், அவர் மனைவி சாரா, ஏ.பி.யின் தம்பி மனைவி மேபெல். 1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் இவர்களைப் பதிவு செய்தபோது மேபெலுக்கு வயது 18, வயிற்றில் எட்டு மாதம். முக்கியக் குரல் சாராவுடையது. ஏ.பி. தோன்றும்போது அடிக்குரலில் சேர்ந்துகொள்வார். ஃபிடில் கிடையாது. அதனால் மெட்டையும் தாளத்தையும் சேர்த்துச் சுமக்கிற வேலை மேபெலின் ஒற்றை கிட்டாரின் தலையில் விழுந்தது. அதுவரை இந்த வகைக் குழுக்களில் கிட்டாருக்குப் பெரும்பாலும் தாளம் தட்டுகிற வேலைதான்.

மேபெல் செய்தது இது. இடது கை சி கார்டைப் (சில தந்திகளைச் சேர்த்து அழுத்துகிற ஒரு பிடி) பிடித்திருக்கும். அவர்களுடைய 'வைல்ட்வுட் ஃபிளவர்' பாட்டின் மெட்டை வலது கட்டைவிரல் எடுக்கும் (தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுங்கள்; ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கிற கம்பி): நாலாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், மூன்றாம் ஃப்ரெட், மூன்றாம் தந்தியை அப்படியே விட்டு ஒரு தடவை, பிறகு அதன் இரண்டாம் ஃப்ரெட், அங்கிருந்து இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட். நடுவில் கிடைக்கிற இடைவெளியில் ஆள்காட்டி விரல் மெல்லிய தந்திகளைக் கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை வருடும். பழகுகிறவர்கள் சொதப்புவது இந்த வருடலில்தான். விரல் மூன்றாம், நாலாம் தந்தி வரை போய்விடும், மெட்டு மூழ்கிவிடும். முதலில் வருடலே இல்லாமல் கட்டைவிரலால் மட்டும் மெட்டை வாசியுங்கள். பிறகு கட்டைவிரல் அடித்து முடித்ததும் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கட்டும். வருடல் பாதிச் சத்தத்துக்கு மேல் போகக்கூடாது. இன்றைக்கும் கிட்டார் வகுப்பில் இதற்குப் பெயர் 'கார்ட்டர் ஸ்கிராட்ச்'. மேபெலின் கைவேலை, குடும்பப் பெயரில்! பாட்டுகளின் உரிமை பெரும்பாலும் ஏ.பி. பெயரில் போன கதையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாருக்கும் வழி திறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1937-ல் தொடங்கிய கூன் கிரீக் கேர்ள்ஸ் முழுக்கப் பெண்கள் குழு. 1939-ல் வெள்ளை மாளிகையில் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் முன்னால் வாசித்தவர்கள். அதன் லில்லி மே லெட்ஃபோர்ட் அடிப்படையில் ஃபிடில்காரர். மேனேஜர் ஜான் லேர் அவர் கையில் பாஞ்சோவைக் கொடுத்து, மலைநாட்டுப் பெண் தோற்றத்திலேயே வைத்திருந்தார்.

கார்ட்டர் குடும்பம் பிரிஸ்டலில் தங்கள் இரண்டாம் நாளில் பதிவு செய்த 'சிங்கிள் கேர்ள், மேரீட் கேர்ள்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். கல்யாணம் ஆகாதவள் நல்ல உடுப்பு உடுத்துகிறாள், ஆனவள் தொட்டில் ஆட்டுகிறாள் என்கிற பாட்டு. சாராவுக்கு அது பிடிக்கவே இல்லை. பியர் கேட்டதால் பாடினார். யார் யாருக்கு ஒத்துப் பாடுகிறார்கள், ஆண் குரல் எந்த வரியில் வருகிறது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.